மேட்டூர் அணைப் பூங்காவுக்கு அருகே ஒரு மீன் வறுவல் கடை

சேலத்திலிருந்து மேட்டூருக்குச் செல்வோரில் பலர், 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட அணையையும் அதன் 120 அடி நீர்மட்டக் கணக்கையும் விட, பூங்காவைச் சுற்றியுள்ள மீன் கடைகளையே மனத்தில் வைத்துப் புறப்படுகிறார்கள். நானும் அவர்களில் ஒருவன்தான்.

சென்ற ஞாயிறன்று நாங்கள் அமர்ந்த கடையில் கட்லா, ரோகு, ஜிலேபி, அரஞ்சான் ஆகியவை மசாலா தடவித் தட்டுகளில் அடுக்கப்பட்டிருந்தன. நாம் சுட்டிக்காட்டும் மீனை எடுத்து, அகன்ற இரும்புச் சட்டியில் கண்முன்னே பொரித்து, வெங்காயமும் எலுமிச்சையும் வைத்துத் தருகிறார்கள். கட்லாத் துண்டு தடிமனாக இருந்தபோதிலும் காரமும் உப்பும் முள்வரை இறங்கியிருந்தன. முள் மிகுந்ததென்று பலர் ஒதுக்கும் அரஞ்சானில்தான் ஆற்று மீனுக்கே உரிய இனிப்பு நாவில் நின்றது. பொறுமையுள்ளவர்கள் அதையே கேட்டு வாங்கலாம். ஜிலேபி சுமார்தான்.

விலைப்பலகை இல்லாததால், பொரிப்பதற்கு முன்பே விலையைப் பேசிக்கொள்வது நல்லது. எண்ணெய் பலமுறை கொதித்திருந்ததை அதன் கருநிறமே காட்டிக்கொடுத்தது. நண்பகலுக்கு முன் சென்றால் புதிய எண்ணெயும் உட்கார இடமும் கிடைக்கக்கூடும்.