பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேன் சத்தம்: எண்ணெய் விடுவதா, புதிது மாட்டுவதா?

மெயினை அணைத்துவிட்டு இறக்கையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இல்லை, சுற்றினால் மட்டும் இறுக்கம் என்றால் எண்ணெய் போதும். இறக்கையில் படிந்த பிசுக்கைத் துடைத்து, புஷ் (இறக்கை மாட்டிய தண்டு உள்ளே சுழலும் உலோக வளையம்) பக்கம் 2 சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள். தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம். நாளடைவில் பிசினாகி இன்னும் இறுக்கிவிடும். எங்கள் வீட்டில் அப்படித்தான் ஆனது.

தண்டு லொடலொடவென்று ஆடினால் புஷ் தேய்ந்துவிட்டது. எண்ணெய் விட்டால் கொஞ்ச நாள் அமைதி, அப்புறம் பழைய கடகடதான். புஷ் மாற்றலாம், கூலியைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். நானாக இருந்தால் புஷ்ஷுக்குப் பதில் பால் பேரிங் (சின்ன எஃகு உருண்டைகள் மேல் தண்டு சுழலும் வளையம்) வைத்த புதிய ஃபேனையே வாங்குவேன். கடைக்குப் போகும் முன் சுவர் ஓட்டையை அளந்துகொள்ளுங்கள். 6 அங்குலம் என்பது இறக்கையின் அளவு, ஓட்டையின் அளவு அல்ல.