தீபாவளிச் சுவரொட்டி: ஏஐ-யா, ஓவியரா?

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் கடை வைத்திருப்பவர் தீபாவளிக்குச் சுவரொட்டி போட வேண்டும். ஏஐ-யிடம் கேட்கலாம், ஓவியரிடமும் கொடுக்கலாம்.

வேகமும் செலவும் பார்த்தால் ஏஐதான். பிடிக்காவிட்டால் உடனே இன்னொரு படம். சரி, ஆனால் படத்துக்குள் தமிழ் எழுதச் சொன்னால் பல சமயம் கொம்பும் புள்ளியும் இடம் மாறிவிடும். தெருவும் ஏதோ ஒரு கடைத்தெருவாக இருக்கும், சிராங்கூன் சாலையாக இருக்காது. ஓவியர் தேக்கா பக்கம் நடந்துவிட்டு வந்து வரைவார். மாலை கட்டுபவரின் விரல் அசைவுகூடப் படத்தில் வரும்.

பலர் யோசிக்காதது உரிமை. மனிதப் படைப்பாளர் இல்லாவிட்டால் பதிப்புரிமை இல்லை என்று சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2011இல் சொன்னது. முழுக்க ஏஐ செய்த படத்தைப் பக்கத்துக் கடைக்காரர் எடுத்துப் போட்டால் தடுப்பது கடினம். ஓவியருக்கும் ஒரு மனக்குறை உண்டு: சட்டப்படி பார்க்கக் கிடைக்கும் படைப்புகளை, அனுமதி கேட்காமலே கணினிப் பகுப்பாய்வுக்கு, அதாவது ஏஐ-க்குப் பயிற்சி கொடுப்பது போன்ற வேலைகளுக்கு, பயன்படுத்த 2021 பதிப்புரிமைச் சட்டம் இடம் தருகிறது. அவருடைய எரிச்சல் நியாயமானதே.

இரண்டு நாள் தள்ளுபடி அறிவிப்புக்கு ஏஐ போதும். ஆண்டுதோறும் மாட்டும் படம் என்றால் ஓவியருக்கே காசு கொடுப்பேன். அப்புறம், உரிமை மாற்றத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அது பொதுவாக வரைந்தவரிடமே இருக்கும்.