அடோபி கிரியேட்டிவ் கிளவுட்: சந்தா கட்டும் முன் பார்க்க வேண்டியவை

அடோபியின் போட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர், இன்டிசைன் மூன்றும் தரமானவை என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அவற்றின் டூல்களைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இந்த மதிப்பாய்வு அவை விற்கப்படும் முறையைப் பற்றியது. டிடிபி சென்டரோ, அச்சகமோ, சிறிய விளம்பர நிறுவனமோ நடத்துகிறவர் இன்று காசு கொடுத்து வாங்குவது ஒரு மென்பொருளை அல்ல, ஓர் ஒப்பந்தத்தை. மென்பொருளைப் பரிசோதிக்கும் கவனத்தோடு அந்த ஒப்பந்தத்தையும் பரிசோதிக்க வேண்டும்.

முதலில் வரலாறு, சுருக்கமாக. 2012 மே மாதம் கிரியேட்டிவ் கிளவுட் என்ற சந்தாச் சேவை அறிமுகமானபோது, ஒருமுறை காசு கொடுத்து வாங்கும் சிஎஸ்6 (கிரியேட்டிவ் சூட் 6) பெட்டியும் பக்கத்திலேயே விற்பனையில் இருந்தது. சரியாக ஓர் ஆண்டு கழித்து, 2013 மே மாதம், இனிப் புதிய பதிப்புகள் சந்தாவில் மட்டும்தான் என்று அறிவித்தார்கள். சிஎஸ்6-இன் விற்பனை 2017 ஜனவரி வரை ஓரமாக நடந்து நின்றது. இதற்கான அடித்தளம் அதற்கும் முன்பே போடப்பட்டுவிட்டது. அதுவரை மூன்று பதிப்புகள் பழையதை வைத்திருந்தவரும் சலுகை விலையில் புதியதுக்கு மாறலாம். 2011 கடைசியில் அதை ஒரே பதிப்பாகக் குறைத்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் சிஎஸ்3, சிஎஸ்4 வைத்திருந்தவர்களுக்கு 2012 டிசம்பர் வரை அவகாசம் கொடுத்தார்கள். இரண்டு பதிப்புக்கு ஒருமுறை வாங்குகிற சிக்கனக்காரருக்கு அங்கேயே கதவு பாதி மூடிவிட்டது.

நிறுவனம் ஏன் இப்படிச் செய்தது என்று புரிந்துகொண்டால்தான் ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வரியும் புரியும். பெட்டி விற்றால் முழுப் பணமும் அந்தக் காலாண்டிலேயே வருமானமாகிவிடும். அடுத்த பதிப்பு வரும்வரை வரத்து வறண்டுவிடும். சந்தா என்றால் மாதாமாதம் கொஞ்சமாக வரும், ஆனால் நிற்காது. மாறும் காலத்தில் பள்ளத்தைக் கடந்தே ஆக வேண்டும். 2012-இல் சுமார் 440 கோடி டாலராக இருந்த அடோபியின் ஆண்டு வருமானம் 2013-இல் சுமார் 406 கோடியாக இறங்கியது. நிகர லாபம் 83 கோடியிலிருந்து 29 கோடிக்கு விழுந்தது. அந்தப் பள்ளத்தில் பங்குதாரர்கள் பதறாமல் இருக்க, லாபத்தைப் பார்க்காதீர்கள், சந்தாதாரர் எண்ணிக்கையையும் ஆண்டுக்குத் திரும்பத் திரும்ப வரும் வருமானத்தையும் பாருங்கள் என்று தலைமை நிர்வாகி சாந்தனு நாராயணின் குழு காலாண்டுதோறும் கணக்குக் காட்டியது. 2024-இல் வருமானம் 2,151 கோடி டாலர். மற்ற மென்பொருள் நிறுவனங்கள் இதைப் பாடமாக எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை. ஆனால் இந்தக் கணக்கு நிற்க வேண்டுமானால் சந்தாதாரர் விலகக் கூடாது. விலகுவதைக் கடினமாக்கும் வரிகள் ஒப்பந்தத்துக்குள் வந்தது அதனால்தான்.

வாடிக்கையாளர் பக்கக் கணக்கைப் போட்டால் விடை ஆளுக்கு ஆள் மாறுகிறது. அமெரிக்க விலையில் போட்டோஷாப் சிஎஸ்6 பெட்டி 699 டாலர், அப்கிரேட் 199 டாலர். ஆறு ஆண்டில் மூன்று அப்கிரேட் வாங்கியவருக்கு மொத்தம் 1,296 டாலர் ஆகியிருக்கும். 2013-இல் வந்த போட்டோகிராஃபி பிளான் மாதம் 9.99 டாலர், படங்களை அடுக்கித் திருத்தும் லைட்ரூமும் சேர்த்து. ஆறு ஆண்டுக்கு 719 டாலர்தான். புகைப்படக்காரருக்கு இது உண்மையாகவே லாபம். அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. (2025 ஜனவரியில் 20 ஜிபி கிளவுட் இடம் தரும் அந்த பிளானைப் புதியவர்களுக்கு நிறுத்திவிட்டார்கள். ஏற்கெனவே வைத்திருந்து மாதாமாதம் கட்டுபவர்களுக்கு 14.99 ஆக்கினார்கள். ஆண்டுத் தொகையை மொத்தமாகக் கட்டியவர்களுக்கு மட்டும் விலை ஏறவில்லை.) அச்சகக்காரரின் கதை வேறு. போட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர், இன்டிசைன் மூன்றும் அடங்கிய டிசைன் ஸ்டாண்டர்ட் பெட்டியை 1,299 டாலருக்கு ஒருமுறை வாங்கி ஆறு ஆண்டு ஓட்டியவர், முழு கிரியேட்டிவ் கிளவுடுக்கு மாதம் 49.99 வீதம் அதே காலத்துக்கு 3,599 டாலர் கட்ட வேண்டும். இரண்டே முக்கால் மடங்கு. புதிய வசதிகளை அவர் தொடவே இல்லை என்றாலும் அதே தொகைதான்.

இப்போது ஒப்பந்தத்தின் மோசமான பகுதி. பிளான் தேர்ந்தெடுக்கும் பக்கத்தில் மூன்று வகை இருக்கும்: மாதச் சந்தா; மாதத் தவணையில் கட்டும் ஆண்டுச் சந்தா; முன்பணமாக மொத்தமும் கட்டும் ஆண்டுச் சந்தா. நடுவில் உள்ளதுதான் பலரும் தெரியாமல் மாட்டிக்கொள்ளும் இடம். மாதம் பணம் போவதால் மாதச் சந்தா என்றே நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது பன்னிரண்டு மாதத்துக்குக் கையெழுத்துப் போட்ட மாதிரி. முதல் 14 நாளுக்குள் ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்பும். அதற்குப் பிறகு என்றால், மிச்சமுள்ள மாதங்களின் தொகையில் பாதியை ரத்துக் கட்டணமாக எடுப்பார்கள். இந்தக் கட்டணத்தைச் சரியாகத் தெரிவிக்காமல் மறைத்தார்கள், ரத்து செய்யும் வழியையும் வேண்டுமென்றே சிக்கலாக்கினார்கள் என்று குற்றஞ்சாட்டி 2024 ஜூனில் அமெரிக்க அரசு அடோபி மீது வழக்குத் தொடுத்தது.

எந்த பிளான் யாருக்கு என்பதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். 2024-இன் அமெரிக்க விலையில் எல்லா ஆப்களும் சேர்ந்த பிளான், ஆண்டு ஒப்பந்தத் தவணையில் 59.99 டாலர், மாதச் சந்தாவில் 89.99 டாலர். நான்கு மாதம் மட்டும் தேவை என்று வையுங்கள். மாதச் சந்தாவில் 359.96 ஆகும். ஆண்டு ஒப்பந்தத்தில் சேர்ந்து நான்காம் மாதம் விலகினால், கட்டியது 239.96, அபராதம் 239.96, ஆக 479.92. ஆறு மாதத்தில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடும்: 539.94-உம் 539.91-உம். ஏழாம் மாதத்திலிருந்து, அபராதம் கட்டினாலும் ஆண்டு ஒப்பந்தமே மலிவு. சிவகாசியில் காலண்டர் வேலை ஆடிப்பெருக்குக்கு மாதிரி ஆல்பம் வெளியிடுவதில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. அந்த ஐந்து மாதத்துக்குக் கூடுதலாக ஓர் ஆளை உட்கார வைப்பவர் மாதச் சந்தா எடுப்பதே சரி. நிரந்தரமாக வேலை செய்யும் ஆளுக்கு ஆண்டு ஒப்பந்தம். இந்தியாவில் ரூபாய் விலை தனி. அந்த இரண்டு விலையையும் வைத்து இதே கணக்கைப் போட்டால் உங்களுக்கான மாதம் தெரிந்துவிடும். 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. ஜிஎஸ்டி எண்ணைக் கணக்கில் பதிந்தால்தான் உள்ளீட்டு வரியாகக் கழிக்க முடியும். முதல் பில்லுக்கு முன்பே பதிந்துவிடுங்கள்.

பணம் போகும் வழியிலும் ஒரு கண்ணி இருக்கிறது. 2021 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி, கார்டிலிருந்து தானாகப் பிடிக்கும் தொகைக்கு 24 மணி நேரம் முன்பே அறிவிப்பு வர வேண்டும். வரம்பு இப்போது 15,000 ரூபாய்; அதற்கு மேல் போனால் ஒவ்வொரு முறையும் ஓடிபி கொடுத்து ஒப்புதல் தர வேண்டும். ஆண்டுத் தொகையை மொத்தமாகக் கட்டும்போது இந்த வரம்பைத் தாண்ட வாய்ப்பு அதிகம். அந்த எஸ்எம்எஸ் முதலாளியின் செல்போனுக்குப் போகும், டிசைனர் பிளேட்டுக்கு அனுப்ப வேண்டிய ஃபைலோடு காத்திருப்பார். புதுப்பிக்கும் தேதிக்கு ஒரு வாரம் முன்னதாகக் காலண்டரில் குறித்து வைப்பதைத் தவிர இதற்கு வேறு மருந்தில்லை.

சந்தா நின்றால் என்ன ஆகும்? ஃபைல்கள் உங்கள் ஹார்டு டிஸ்க்கில் பத்திரமாகத்தான் இருக்கும், திறக்கத்தான் ஆப் இருக்காது. லைட்ரூம் கிளாசிக் மட்டும் கொஞ்சம் இரக்கம் காட்டுகிறது: டெவலப், மேப் பகுதிகள் பூட்டிக்கொள்ளும், லைப்ரரியைப் பார்க்கவும் படங்களை எக்ஸ்போர்ட் செய்யவும் முடியும். அடோபி ஃபான்ட்ஸிலிருந்து எடுத்த எழுத்துருக்கள் கணினியிலிருந்து விலகிவிடும். ஏற்கெனவே உருவாக்கிய பிடிஎஃப்-இல் அவை பதிந்திருப்பதால் அதற்குச் சேதமில்லை. எனவே முடிந்த ஒவ்வொரு வேலைக்கும் இன்டிசைனில் ‘பேக்கேஜ்’ கொடுத்து, ஐடிஎம்எல், பிடிஎஃப் இரண்டையும் சேர்த்துக்கொள்ளும் பெட்டிகளில் டிக் போட்டு வையுங்கள். ஐடிஎம்எல் இருந்தால் பழைய சிஎஸ்6-இலும் திறக்கலாம். புதிய பதிப்பின் சில எஃபெக்ட்கள் போகும், பக்கம் மிஞ்சும்.

அப்டேட் விஷயத்தில் இந்தச் சேவை அச்சகத்துக்கு ஒத்துவராத வேகத்தில் ஓடுகிறது. கிரியேட்டிவ் கிளவுட் டெஸ்க்டாப் ஆப் புதிய பெரும்பதிப்பை நிறுவும்போது, வழக்கமாகப் பழையதை நீக்கிவிடும். நிறுவும் முன் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ திறந்து, பழைய பதிப்புகளை நீக்கும் டிக்கை எடுத்துவிட வேண்டும். ஆட்டோ-அப்டேட்டையும் அணைத்து வைப்பது நல்லது. ஏனென்றால் நீக்கியதைத் திரும்ப எடுக்க நினைத்தால், நடப்புப் பதிப்பும் அதற்கு முந்தைய பெரும்பதிப்பும் மட்டும்தான் டவுன்லோடுக்குக் கிடைக்கும். அதற்கும் பழையதை வைத்துக்கொண்டிருந்த சிலருக்கு, அவற்றைப் பயன்படுத்தும் உரிமை இனி இல்லை என்று 2019-இல் மின்னஞ்சலே வந்தது.

கையில் இருந்த வசதி போய்விடுவதும் உண்டு. ஸ்பாட் கலர் (தனியாகக் கலந்த மையில் அச்சிடும் நிறம்) வேலை செய்பவர்களுக்கு 2022 நவம்பர் மறக்காது. நிறங்களுக்கு எண் கொடுத்துத் தரப்படுத்தும் பான்டோன் நிறுவனத்தின் கலர் புத்தகங்களில் பெரும்பாலானவை அப்டேட்டோடு மறைந்தன. போட்டோஷாப்பில் பழைய ஃபைலைத் திறந்தவர்கள், பான்டோன் நிறம் இருந்த இடத்தில் கறுப்பைப் பார்த்தார்கள். நிறம் வேண்டுமென்றால் பான்டோனுக்குத் தனிச் சந்தா. 2023 ஜனவரியோடு டைப் 1 என்ற பழைய வகை எழுத்துருக்களுக்கான ஆதரவும் முடிந்தது. பெட்டி வைத்திருந்தவரின் சிஎஸ்6-இல் இவை எதுவும் நடக்கவில்லை. வாடிக்கையாளரின் லோகோ நிறத்தைப் பான்டோன் எண்ணோடு நிறுத்தாமல், அச்சில் ஒப்புக்கொண்ட சிஎம்ஒய்கே (நான்கு அச்சு மைகளின்) சதவீதங்களையும் ஜாப் கார்டில் எழுதி வைப்பது இதனால்தான் அவசியமாகிறது.

பெட்டிக் காலத்தைப் பொற்காலமாக நினைப்பதும் சரியில்லை. சிஎஸ்2 பிரதிகளை இணையம் வழியாகச் சரிபார்க்கும் ஆக்டிவேஷன் சர்வரை அடோபி நிறுத்தியபோது, காசு கொடுத்து வாங்கியவர்களும் மீண்டும் நிறுவ முடியாத நிலை வந்தது. ஆக்டிவேஷன் கேட்காத தனிப் பதிப்பைச் சீரியல் எண்ணோடு வெளியிட்டுத்தான் சரிசெய்தார்கள். சந்தாவில் அந்தச் சார்பு இன்னும் இறுக்கம்: 2014 மே மாதம் அடோபி லாகின் ஒரு நாளுக்கு மேல் படுத்துவிட்டது. ஏற்கெனவே லாகின் செய்து நிறுவிய ஆப்கள் பெரும்பாலும் ஓடின, புதிதாக லாகின் செய்ய வேண்டியவர்கள் தவித்தார்கள். மாதத்துக்கு ஒருமுறையாவது கணினியை இணையத்தில் இணைத்து லைசென்ஸைச் சரிபார்க்க விடுங்கள்.

தமிழில் வேலை செய்பவர் சந்தாவுக்கு மாற ஒரு நல்ல காரணம் இருக்கிறது, அது யூனிகோட். பழைய போட்டோஷாப்பில் ‘கொடி’ என்று யூனிகோடில் அடித்தால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். இப்போதைய பதிப்பில் ‘வேர்ல்டு-ரெடி’ முறையில் அது சரியாக வரும். இன்டிசைனில் பாராகிராஃப் பேனலின் மெனுவில் ‘அடோபி வேர்ல்டு-ரெடி பாராகிராஃப் கம்போஸர்’. அதைப் பாராகிராஃப் ஸ்டைலுக்குள்ளேயே அமைத்துவிட்டால் ஒவ்வொரு பத்திக்கும் தேடிப் போக வேண்டாம். இல்லஸ்ட்ரேட்டரில் டைப் பிரிஃபரன்ஸில் ‘ஷோ இண்டிக் ஆப்ஷன்ஸ்’ டிக் செய்த பிறகே தமிழை அமைக்கும் கம்போஸர் கண்ணில் படும். யூனிகோடுக்கு முந்தைய பாமினி, டாப், டாம் வகை எழுத்துருக்களில் கிடக்கும் பேஜ்மேக்கர் காலத்து மேட்டரை யூனிகோடுக்கு மாற்றிவிட்டுத்தான் கொண்டுவர வேண்டும்.

ஒருவருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் தனிநபர் பிளான் எடுக்காதீர்கள். அதை இரண்டு கணினியில் ஆக்டிவேட் செய்யலாம், ஒரு நேரத்தில் ஒன்றில்தான் பயன்படுத்தலாம். பணியாளரின் சொந்த ஜிமெயிலில் கணக்கைத் தொடங்கிவிட்டால், அவர் வேலையை விட்டுப் போகும்போது கிளவுடில் இருக்கும் ஃபைல்களும் லைப்ரரிகளும் அவரோடு போய்விடும். டீம்ஸ் பிளான் விலை கூடுதல்தான். ஆனால் அட்மின் கன்சோலிலிருந்து லைசென்ஸை ஓர் ஆளிடமிருந்து இன்னோர் ஆளுக்கு மாற்றலாம், ஃபைல்கள் நிறுவனத்திடமே தங்கும்.

புகைப்படக்காரருக்கும், மற்ற நிறுவனங்களோடு ஃபைல் பரிமாறும் விளம்பரக்காரருக்கும் இந்தச் சேவையைத் தயங்காமல் பரிந்துரைக்கலாம். விசிட்டிங் கார்டு, பில் புக், துண்டறிக்கை மட்டும் போடும் சிறிய டிடிபி கடைக்குப் பரிந்துரைக்க முடியாது. வரைவதற்கான இன்க்ஸ்கேப்பும், பக்கம் அமைப்பதற்கான, 2024-இல் வந்த ஸ்கிரைபஸ் 1.6-உம் யூனிகோட் தமிழைச் சரியாக அமைக்கின்றன, இரண்டும் இலவசம். இன்க்ஸ்கேப்பில் வரைந்து, சிஎம்ஒய்கே நிறத்தை ஸ்கிரைபஸில் கொடுத்து, அங்கிருந்து பிடிஎஃப் எடுத்து அச்சகத்தில் ஒரு சோதனைத் தாள் ஓட்டிப் பாருங்கள். நிறமும் எழுத்தும் சரியாக வந்தால் அந்தக் கடைக்குச் சந்தாவே தேவையில்லை.