ஒரு பிரையோஃபைட் ஸ்லைடு பெட்டி: ஒரு பருவத்துப் பயன்பாட்டுக்குப் பின்

பதினொன்றாம் வகுப்புக்குத் தாவரவியல் நடத்தும் நான், பள்ளி ஆய்வகத்துக்காகப் பத்து நிரந்தர ஸ்லைடுகள் கொண்ட பிரையோஃபைட் (மாஸ், லிவர்வொர்ட் போன்ற பூவாத சிறு நிலத்தாவரங்கள்) பெட்டி ஒன்றை வாங்கி, ஒரு பருவம் முழுவதும் பயன்படுத்திய பின்னர் இதை எழுதுகிறேன்.

பெட்டியில் மிகச் சிறந்தது, மார்கான்ஷியா என்ற லிவர்வொர்ட்டின் ஸ்போரோஃபைட்டின் (ஸ்போர்கள் என்னும் இனப்பெருக்கத் துகள்களை உருவாக்கும் தலைமுறையின்) நெடுக்குவெட்டு. பாதம், காம்பு, ஸ்போர்கள் உருவாகும் பையான கேப்சூல் ஆகிய மூன்றும் ஒரே வெட்டில் அமைந்திருப்பதோடு, பாதம் கேமீட்டோஃபைட்டின் (பாலணுக்களை உருவாக்கும் தாய்த்தாவரத்தின்) திசுவுக்குள் புதைந்திருப்பதும் சாயத்தின் நிற வேறுபாட்டால் தெளிவாகத் தெரிகிறது. ஸ்போரோஃபைட் தனித்து வாழ்வதில்லை என்று எத்தனை முறை சொல்லியும் பதியாத மாணவர்களுக்கு இந்த ஒரு ஸ்லைடே போதுமானதாக இருந்தது. 400 மடங்கு உருப்பெருக்கத்தில், ஸ்போர்களுக்கு இடையே நீண்டு கிடக்கும் இழை போன்ற செல்களான எலேட்டர்களின் சுருள் தடிப்புகளும் தெரிகின்றன. ஸ்போர்கள், குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் குன்றல் பிரிவால் ஒற்றைமடியமாகின்றன (ஒரு தொகுதி குரோமோசோம் மட்டுமே கொண்டவையாகின்றன). அவற்றோடு ஒரே கேப்சூலில் உருவாகும் எலேட்டர்களோ அப்பிரிவுக்கு உட்படாமல் இரட்டைமடியமாகவே இருந்து, முதிர்ந்து உயிரற்றுப் போன பின்னும் காற்றின் ஈரம் மாறும்போதெல்லாம் முறுக்கியும் அவிழ்ந்தும் ஸ்போர்த் திரளைக் கலைத்துவிடுகின்றன. இந்த ஏற்பாட்டைக் காணும்போது எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை.

மாஸின் ஸ்போர் முளைத்து உருவாகும் இழையான புரோட்டோனீமாவின் ஸ்லைடும் நன்று. சாய்வான குறுக்குச் சுவர்களும் இலைத்தண்டாக வளரவிருக்கும் மொட்டும் அதில் உள்ளன.

ஏமாற்றம் தந்தது ஃபியூனேரியா என்ற மாஸின் கேப்சூல். வெட்டு மையத்தை விட்டு விலகியதால், வாய்ப்பகுதியில் இரண்டு வட்டங்களாக, வட்டத்துக்கு 16 வீதம் இருக்க வேண்டிய பெரிஸ்டோம் பற்கள் அறவே இல்லை. நல்ல வெட்டாக இருந்திருந்தாலும் பற்களின் அசைவை எந்த ஸ்லைடும் காட்டாது என்பதால், ஈரச் செங்கல் சுவரிலிருந்து முதிர்ந்த கேப்சூல் ஒன்றைக் கொணர்ந்து, ஊசியால் மூடியை நீக்கி, மூடுதகடு இல்லாமலேயே நுண்ணோக்கியில் வைத்தேன். மாணவி ஒருவர் மெல்ல ஊதியதும் மூச்சின் ஈரத்தால் வெளிப்பற்கள் உள்நோக்கிக் குவிந்தன. உலர்ந்ததும் விட்டுவிட்டு வெளியே வளைந்து ஸ்போர்களை உதிர்த்தன. வறண்ட காற்றில்தான் ஸ்போர்கள் நெடுந்தொலைவு செல்லும் என்ற விளக்கத்தை அதன் பிறகு நான் நீட்ட வேண்டியிருக்கவில்லை.

மார்கான்ஷியாவின் ஆண், பெண் ஸ்லைடுகளின் சீட்டுகளும் இடம் மாறியிருந்தன. விரல்கள் போன்ற கதிர்கள் தொங்குவது பெண், ஆழமற்ற மடல்களுடைய வட்டு ஆண் என்று அறிந்தவருக்கு இது சிறு பிழை. முதன்முறை காணும் மாணவருக்கு அப்படியன்று. விற்பனையாளர் மறுப்பின்றிச் சீட்டுகளை மாற்றித் தந்தார்.

மார்கான்ஷியா ஸ்லைடுகளுக்காகவே இப்பெட்டியை வாங்கலாம். ஆனால் பணம் கொடுப்பதற்கு முன் ஃபியூனேரியா ஸ்லைடை நுண்ணோக்கியில் வைத்துப் பற்கள் உள்ளனவா என்று பார்த்துவிடுங்கள்.