42 கிலோமீட்டர் சுற்றும் என் மின்-சைக்கிளும்: மூன்றரை ஆண்டு அனுபவம்

சிங்கப்பூரின் கிழக்கே, எங்கள் அடுக்குமாடி புளோக்கிலிருந்து பாசிர் ரிஸ் பூங்காவுக்கு ஐந்து நிமிடம். அங்கிருந்து சாங்கி வில்லேஜ், பிறகு கடலோரமாகவே ஈஸ்ட் கோஸ்ட், அப்புறம் பிடோக் நீர்த்தேக்கம், தெம்பனிஸ், மறுபடி பாசிர் ரிஸ். பூங்கா இணைப்புப் பாதையில் மொத்தம் 42 கிலோமீட்டர். 2007இல் இந்தச் சுற்றைத் திறந்ததும் என் கணவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் முழுதாகச் சுற்றிவிட்டு வந்தார். நான் 2022 வரை ஒருமுறைகூடச் சுற்றியதில்லை.

காரணம் என் வலது முட்டி. சாங்கி வில்லேஜ் வந்து சேரும்போதே வலி பிடித்துவிடும். "என்னங்க, திரும்பிடலாமா?" என்று கேட்பேன். அவர் ஒரு வார்த்தை சொல்லாமல் சைக்கிளைத் திருப்புவார். அந்தத் திருப்பத்துக்கு அப்பால் இருக்கும் கடற்கரையை அவர் எத்தனையோ முறை வருணித்துக் கேட்டிருக்கிறேன். போகவும் முடியும், திரும்பி வரவும் முடியும் என்ற தைரியம் மட்டும் வரவில்லை.

2022 பிப்ரவரியில் மின்-சைக்கிள் வாங்கினேன். இன்று காலை மீட்டரில் 7,412 கிலோமீட்டர். வாங்கலாமா என்று என்னிடம் கேட்கிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். கடையில் இரண்டு நிமிடம் ஓட்டிப் பார்த்தால் தெரியாத விஷயங்கள் நிறைய இருக்கின்றன.

முதலில் சட்டம். நம் ஊரில் மின்-சைக்கிள் என்றால் மிதித்தால்தான் மோட்டார் உதவ வேண்டும். கையால் முறுக்கி ஓட்டும் வண்டிக்கு அனுமதி இல்லை. மோட்டார் 250 வாட்டுக்கு மேல் போகக்கூடாது, 25 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் உதவி நின்றுவிட வேண்டும், வண்டியின் எடை 20 கிலோவுக்குள். ஈஎன் 15194 என்ற ஐரோப்பியத் தரச் சான்றும், நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஆரஞ்சு முத்திரையும், பின்னால் பதிவு எண் பலகையும் இருக்க வேண்டும். ஓட்டுபவருக்கு 16 வயது ஆகியிருக்க வேண்டும். 2022 ஜனவரி 1 முதல் எழுத்துத் தேர்வும் கட்டாயம். நான் தேர்வில் தேறிய பிறகுதான் கடைக்கே போனேன். படித்துக்கொண்டு போனது நல்லதாயிற்று. ஏனென்றால் முதலில் போன கடையில் ஒருவர் குரலைத் தாழ்த்தி, "லிமிட்டை எடுத்துத் தரட்டுமா, 40 வரைக்கும் போகும்" என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வேறு கடைக்குப் போய்விட்டேன். பாட்டிமார் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நடக்கும் பாதையில் 40இல் பாய்கிற வண்டி எனக்கு எதற்கு?

என் வண்டி 1,700 சிங்கப்பூர் வெள்ளி. பின்சக்கர அச்சில் மோட்டார், கழற்றக்கூடிய 36 வோல்ட் 10 ஆம்பியர்-மணி பேட்டரி, மூன்று நிலை உதவி. எடை 19.6 கிலோ. இந்த எடையை வாங்கும்போது நான் பெரிதாக நினைக்கவில்லை. மேம்பாலப் படியில் ஏற்றும்போதுதான் அது தெரியும். ஓரத்தில் சக்கரத்துக்கென்று சரிவு வைத்த பாலமாகப் பார்த்துத்தான் போகிறேன். எங்கள் புளோக் லிஃப்ட்டிலும் குறுக்காக நிறுத்தினால் வேறு யாருக்கும் இடம் இருக்காது. அதனால் ஆள் வராத அதிகாலையில் இறக்கிவிடுவேன். ஐந்தரை மணிக்குக் கிளம்புவதற்கு அதுவும் ஒரு காரணம். வெயில் இன்னொரு காரணம்.

முதல் மாதம் ஒரு தவறு செய்தேன். மூன்றாம் நிலையில் போட்டுக்கொண்டு பறந்தேன். முட்டிக்கு நோவே இல்லை, காற்று முகத்தில் அடித்தது, ஈஸ்ட் கோஸ்ட் வந்ததே தெரியவில்லை. பிடோக் நீர்த்தேக்கம் தாண்டி, தெம்பனிஸ் நுழையும் இடத்தில் மோட்டார் நின்றது. மிச்சம் இருந்த தூரத்துக்கு 19.6 கிலோவையும் என்னையும் சேர்த்து மிதித்தேன். அன்று ராத்திரி முட்டிக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டே கணக்குப் போட்டேன். இந்த பேட்டரியில் இருப்பது 360 வாட்-மணி. மூன்றாம் நிலையில் கிலோமீட்டருக்குப் பத்துக்குக் கிட்ட தின்கிறது, முதல் நிலையில் ஆறுக்கும் குறைவு. முதல் நிலையில் நான் மணிக்கு 17, 18 கிலோமீட்டர் போகிறேன். சாதாரண சைக்கிளில் வரும் கணவருக்கும் அதுதான் இயல்பான வேகம். அன்றிலிருந்து மூன்றாம் நிலையை மேம்பால ஏற்றத்துக்கும் எதிர்காற்றுக்கும் மட்டும் வைத்திருக்கிறேன்.

எதிர்காற்று என்றால் சாங்கி கடலோரப் பாதைதான். ஒரு பக்கம் விமான நிலைய வேலி, மறுபக்கம் மரங்களும் கடலும். நீளமாகப் போய்க்கொண்டே இருக்கும். கடை கிடையாது. டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குக் காற்று வீசும்போது சாங்கியை நோக்கி வந்தால் சைக்கிளை யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போலிருக்கும். அதனால் அந்த மாதங்களில் நான் பாசிர் ரிஸிலிருந்து சாங்கி வழியாகக் கிளம்பி, காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு ஈஸ்ட் கோஸ்ட் போவேன். ஜூனுக்குப் பிறகு தென்மேற்குக் காற்று. அப்போது தெம்பனிஸ், பிடோக் வழியாகக் கிளம்பிக் கடலோரத்தைத் திரும்புகாலில் வைத்துக்கொள்வேன். இதனாலேயே பேட்டரி அளவைக் காட்டும் ஐந்து கட்டத்தில் ஒன்று மிச்சமாகிறது. அந்தத் தென்மேற்கு மாதங்களில் விடியற்காலையில் 'சுமத்ரா' என்று சொல்லும் சூறைமழை திடீரென வரும். மேற்கே வானம் கறுத்திருந்தால் நான் கிளம்புவதில்லை.

அந்தப் பாதையில் பார்த்த ஒன்றைச் சொல்ல வேண்டும். முதல் முறை அங்கே போனபோது சூரியன் கடலிலிருந்து ஒரு விரல் உயரம் ஏறியிருந்தது. நங்கூரம் போட்ட கப்பல்கள் வரிசையாகக் கறுப்பாக நின்றன. தலைக்கு மேல் ஒரு விமானம் சக்கரத்தை இறக்கிக்கொண்டு வந்தது. அந்தச் சக்கரங்கள் இன்னும் சுழலாமல் அசையாமல் இருந்ததுகூடத் தெரிந்தது, அவ்வளவு தாழ்வு. பதினைந்து ஆண்டுகளாகக் கணவர் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான். அவர் முன்னால் போய்க்கொண்டிருந்தார், நான் நின்றதைக் கவனிக்கவில்லை. நான் கூப்பிடவும் இல்லை.

அதே பாதையில்தான் பஞ்சரும் ஆனது. பின்சக்கரம். மோட்டார் பின்சக்கரத்தில் இருக்கும் வண்டியில் இது பெரிய வேலை. கனமான 18 மில்லிமீட்டர் நட்டு, மோட்டார் ஒயர் இணைப்பு, அச்சு சுழலாமல் பிடிக்கும் வாஷர் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். என்னிடம் ஸ்பேனரே இல்லை. கணவருக்கு அன்று வேலை, நான் தனியாக வந்திருந்தேன். வழியில் வந்த ஒரு மலாய்க்காரர், "காக், ஓகே தா?" (அக்கா, எல்லாம் சரியா?) என்று கேட்டு நிறுத்தினார். அவர் சக்கரத்தைக் கழற்றவே இல்லை. வண்டியைச் சாய்த்து, டயரின் ஒரு பக்கத்தை மட்டும் ரிம்மிலிருந்து நெம்பி, டியூபைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுத்து, எச்சில் தடவி ஓட்டையைக் கண்டுபிடித்தார். டயரின் உள்பக்கத்தை விரலால் தடவி ஸ்டேப்ளர் பின் ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தார். ஒட்டுப் போட்டு, டியூபை உள்ளே தள்ளி, காற்றடித்து இருபது நிமிடத்தில் முடித்துவிட்டார். காசு கொடுத்தால் வாங்கவில்லை. இப்போது என் பையில் ஒட்டு, இரண்டு நெம்புகோல், சின்ன பம்ப், 18 மில்லிமீட்டர் ஸ்பேனர் நான்கும் எப்போதும் இருக்கின்றன. மின்-சைக்கிள் வாங்குகிறவர்கள் முதல் வாரமே வீட்டில் வைத்து இந்த முறையை ஒருமுறை செய்து பழகிவிடுங்கள்.

இன்னொரு பழக்கமும் அவசியம். என் வண்டியில் மிதி சுற்றுகிறதா என்று மட்டும் பார்க்கும் சென்சார்தான் இருக்கிறது. எவ்வளவு அழுத்தி மிதிக்கிறோம் என்பது அதற்குத் தெரியாது. மிதிக்க ஆரம்பித்த பிறகு ஒரு கணம் தாமதித்துத் தள்ளும். மிதிப்பதை நிறுத்திய பிறகும் ஒரு கணம் தள்ளும். பாசிர் ரிஸ் பூங்காவில் ஒரு திருப்பத்தில் குழந்தை ஒன்று பந்தின் பின்னால் ஓடிவந்தபோதுதான் அந்த ஒரு கணம் எவ்வளவு நீளம் என்று புரிந்தது. பிரேக் கைப்பிடியை இலேசாகத் தொட்டாலே மோட்டார் துண்டித்துவிடும் என்பதால் தப்பித்தேன். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதிலிருந்து ஆட்கள் நடமாடும் இடத்தில் உதவியை முழுதாக அணைத்துவிடுகிறேன், இரண்டு விரல் பிரேக்கில்தான் இருக்கும். வசதி இருந்தால் மிதிக்கும் அழுத்தத்தை உணரும் சென்சார் உள்ள வண்டியாக வாங்குங்கள். விலை கூடுதல்தான், ஆனால் நம் பாதைகளில் அதற்குக் கொடுக்கும் காசு வீண் போகாது.

நடைபாதையில் மின்-சைக்கிள் ஓட்டக்கூடாது. சைக்கிளோட்டப் பாதையிலும் சாலையிலும் ஓட்டலாம், சாலை என்றால் தலைக்கவசம் கட்டாயம். பாதை முடிந்து நடைபாதை தொடங்கும் இடங்களில் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறேன். சாங்கி முனையின் மரப்பலகை நடைவழியிலும், காட்டுத் தடங்களிலும் வண்டியைப் பூட்டிவிட்டு நடந்துதான் போவேன். வண்டி வந்த பிறகு நான் முன்பைவிட அதிகம் நடக்கிறேன். முட்டியின் பலத்தைப் போகும் வழியிலேயே செலவழித்துவிடாததால் போன இடத்தில் நடக்கத் தெம்பு இருக்கிறது. சாங்கி வில்லேஜ் ராமர் கோயிலில் கும்பிட்டுவிட்டு, உணவங்காடியில் நாசி லெமாக் சாப்பிட்டுவிட்டு, கரையோரம் ஒரு மணிநேரம் நடந்த நாட்கள் உண்டு.

மேற்கே லோரோங் ஹாலுஸ் பக்கமும் அடிக்கடி போவோம். 1999 வரை ஊரின் குப்பையைக் கொட்டிய இடம் அது. இப்போது நாணல் வளர்த்து, அந்தக் குப்பைமேட்டுக் கசிவு நீரைச் சுத்திகரிக்கும் சதுப்பு நிலம். சிவப்புப் பாலத்தைத் தாண்டினால் பொங்கோல். மாலையில் போக இதைவிட நல்ல பாதை எனக்குத் தெரியாது. ஈஸ்ட் கோஸ்ட் மட்டும் சனி, ஞாயிறு வேண்டாம். வாடகை சைக்கிளும் பிள்ளைகளும் நிறைந்திருக்கும், மோட்டார் வண்டிக்கு அங்கே வேலை இல்லை.

பராமரிப்பு. கடற்காற்றில் உப்பு இருக்கிறது, சங்கிலியும் ஆரக்கம்பியும் துருப்பிடிக்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் பிறகு ஈரத் துணியால் துடைத்து, காயவிட்டு, சங்கிலிக்கு எண்ணெய் விடுகிறேன். தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பதில்லை. பிரேக் கட்டை மூன்று முறை, சங்கிலி இரண்டு முறை, பின் டயர் ஒருமுறை மாற்றினேன். எடை அதிகம் என்பதால் பிரேக் சாதாரண சைக்கிளைவிடச் சீக்கிரம் தேயும்.

சார்ஜ் போடுவதில் நான் கறார். வண்டியோடு வந்த சார்ஜர் மட்டும். வாசல் பக்கம் இல்லை, சோபா பக்கம் இல்லை, கூடத்தில் வெறும் டைல்ஸ் தரையில். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கும் பழக்கம் அறவே கிடையாது. தீயணைப்பைப் பார்த்துக்கொள்ளும் குடிமைத் தற்காப்புப் படை திரும்பத் திரும்பச் சொல்வதும் இதைத்தான். சாயங்காலம் சமையல் தொடங்கும்போது செருகினால் நான்கைந்து மணிநேரத்தில், படுக்கப் போகுமுன் நிறைந்துவிடும். வெயிலிலிருந்து வந்த சூட்டோடும் செருகுவதில்லை, ஒரு மணிநேரம் ஆறவிடுவேன்.

இவ்வளவு பார்த்தும் பேட்டரி வயதாகத்தான் செய்கிறது. புதிதில் 42 கிலோமீட்டர் சுற்றி வந்தால் ஐந்து கட்டத்தில் இரண்டு மிச்சம் இருக்கும். போன மாதம் தெம்பனிஸ் வரும்போதே கடைசிக் கட்டம் மின்னத் தொடங்கியது. பாதி விலைக்கு வேறு பேட்டரி போட்டுத் தருவதாக ஒரு கடையில் சொன்னார்கள். யார் செய்தது என்று கேட்டதற்குப் பதில் இல்லை. வீட்டுக்குள் வைக்கும் பொருளில் அப்படிச் சேமிக்க எனக்கு மனம் வரவில்லை. அதே மாடல் பேட்டரிக்கே சொல்லியிருக்கிறேன். வடகிழக்குக் காற்று தொடங்குமுன் வந்துவிடும் என்றார்கள். அதுவரை சாங்கி போய்த் திரும்புவது மட்டும். நேற்று அங்கே தே தாரிக் குடித்துக்கொண்டிருக்கும்போது, "திரும்பிடலாமா?" என்று இந்த முறை அவர் கேட்டார்.