ஸ்டில் 070 ரம்பம்: 11 ஆண்டுப் பழக்கத்தில் சிறு உருப்படிகள் கற்றுத் தந்தவை

சேர்வராயன் மலையில் உள்ள எங்கள் காப்பித் தோட்டத்தில் காற்றுக்குச் சாய்ந்து விழும் சில்வர் ஓக் மரங்களைத் துண்டு போடுவதற்கு, பழைய ஸ்டில் 070 சங்கிலி ரம்பம் ஒன்றை 11 ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். 1959-இல் வெளிவந்த கான்ட்ரா மாடலின் வழியில் வந்த இந்த ரம்பத்தில் 58 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டன் 40 மில்லிமீட்டர் தூரம் ஏறி இறங்குகிறது. எஞ்சின் ஏறத்தாழ 106 சி.சி. பருத்த அடிமரத்தில் இது காட்டும் இழுவை எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. கனம் மிகுந்தது என்பதாலும், என்னிடமுள்ள ரம்பத்தில் ரம்பம் உதறும்போது சங்கிலியை நிறுத்தும் செயின் பிரேக் இல்லை என்பதாலும் கிளை கழிக்க இதை எடுப்பதில்லை. அதற்குச் சிறிய ரம்பம் தனியாக இருக்கிறது.

இதுவரை மூன்று முறை இதை முழுவதுமாகப் பிரித்துப் பூட்டியிருக்கிறேன். பிரிப்பது ஒரு பிற்பகல் வேலை. பூட்டும்போதுதான் விரல்நுனியில் ஒட்டிக்கொள்ளும் அளவே உள்ள உருப்படிகள் நாள்களை விழுங்குகின்றன. அவற்றில் முதலாவது, பிஸ்டன் பின் நகராமல் இருபுறமும் தடுத்து நிறுத்தும் சர்க்கிளிப். முதல் முறை, பிஸ்டனுக்குக் கீழே சுழலும் அச்சு அமர்ந்த கூடான கிரேங்க் கேஸின் வாயைத் துணியால் அடைக்காமல் வேலையைத் தொடங்கினேன். மூக்கு பிளேயரின் நுனியிலிருந்து கிளிப் தெறித்து மறைந்தது. தரையில் விழுந்ததா, எஞ்சினுக்குள் விழுந்ததா என்று உறுதியாகத் தெரியாத நிலையில் எஞ்சினை ஓட்டிப் பார்க்க எனக்குத் துணிவில்லை. கிரேங்க் கேஸைப் பெட்ரோல் ஊற்றிக் கழுவிக் கவிழ்த்து, டார்ச் அடித்துத் தேடியபின், கிரேங்கின் எடைக்கட்டைக்குப் பின்னால் பழைய எண்ணெய்ப் பிசுக்கில் அது ஒட்டிக்கொண்டிருந்ததைக் கண்டேன்.

அதன்பின் நான் கைக்கொண்ட முறை இது. கிரேங்க் கேஸின் வாயைச் சுத்தமான துணியால் அடைத்து, இடக்கையின் உள்ளங்கையால் பிஸ்டனை மறைத்துப் பிடித்துக்கொண்டு, கிளிப்பின் ஒரு முனையை முதலில் காடிக்குள் அமர்த்தி, மீதியைக் கட்டைவிரலால் அழுத்தி உருட்டியபடி உள்ளே செலுத்துகிறேன். கிளிப்பின் வாய் மேல்நோக்கியோ கீழ்நோக்கியோதான் இருக்க வேண்டும். பிஸ்டன் ஒவ்வொரு ஓட்டத்தின் முடிவிலும் நின்று திரும்பும்போது கிளிப்பின் மீது விழும் உதறல், வாய் பக்கவாட்டில் இருந்தால் அதை நசுக்கிக் காடியை விட்டுத் தள்ளிவிடக்கூடும். ஒருமுறை கழற்றிய கிளிப்பை நான் திரும்பப் போடுவதில்லை. கடையொன்றில் வாங்கிய மாற்று கிட்டில் இருந்த கிளிப்புகள் சற்று மெலிந்திருந்ததால் காடிக்குள் தாமாகவே சுழன்றன. அவற்றை ஒதுக்கிவிட்டு, இறுகப் பிடிக்கும் கிளிப் கிடைக்கும் வரை இரண்டு வாரம் காத்திருந்தேன். பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறி சைலன்சர் பக்கம் பார்க்க வேண்டும் என்பதும், ரிங்கின் முனைகள் காடியில் உள்ள சிறு முளையைத் தழுவி அமர வேண்டும் என்பதும் பலர் அறிந்தவையே.

அடுத்தது ஸ்டார்ட்டர். கயிற்றுச் சக்கரத்தின் நடுவே அமரும் உராய்வுக் கட்டைகளின் கூர்விளிம்புதான் எஞ்சின் அச்சின் முனையில் உள்ள காந்தச் சக்கரமான மேக்னட்டின் கிண்ணத்தைப் பற்றி எஞ்சினைச் சுழற்றுகிறது. இந்தத் தொகுதியைத் தலைகீழாக மாட்டிவிட்டால் கயிறு வரும், எஞ்சின் சுழலாது. அதன் அடியில் உள்ள சிறிய ஸ்பிரிங்கும் வாஷர்களும் எந்த வரிசையில் இருந்தனவோ அதே வரிசையில் ஒரு கம்பியில் கோத்து வைத்தால் குழப்பம் வராது. கயிற்றைத் திரும்பச் சுருட்டும் ரீவைண்ட் ஸ்பிரிங்கை முறுக்கியபின், கயிற்றை முழுவதும் இழுத்துப் பிடித்த நிலையிலும் சக்கரம் இன்னும் அரைச் சுற்றாவது சுழல்கிறதா என்று பார்க்கிறேன். சுழல இடமில்லையென்றால் முறுக்கு மிகுதி. அப்படியே விட்டால் ஸ்பிரிங் முறியும்.

என் பொறுமையை மிகுதியாகச் சோதித்த இடம், எரிபொருளைக் காற்றோடு கலந்து தரும் கார்புரேட்டர். டில்லட்சன் எச்.எல். வகைக் கார்புரேட்டரில் டயாப்ரம் என்னும் மெல்லிய சவ்வு மூடும் அறையில் எரிபொருள் வழியைத் திறந்து அடைக்கும் ஊசி, அதைத் தூக்கும் நெம்பு, நெம்பின் அச்சுக் கம்பி, அரிசி மணியை நினைவூட்டும் ஒரு ஸ்பிரிங் ஆகிய நான்கும் ஒரே ஒரு திருகின் கீழ் அடங்குகின்றன. ஸ்பிரிங்கின் கீழ்முனை அதன் குழியிலும் மேல்முனை நெம்பின் அடியில் உள்ள சிறு மேட்டிலும் பொருந்தியாக வேண்டும். மேட்டிலிருந்து அது நழுவியிருந்தாலும் திருகு இறுகிவிடும் என்பதால் கண்ணுக்குத் தவறு தெரியாது. நெம்பின் நுனி அறையின் தளத்தோடு சமமாக நிற்க வேண்டும். உயர்ந்தால் எரிபொருள் மிகுந்து பிளக் நனையும், தாழ்ந்தால் பாரம் ஏறும்போது எஞ்சின் மூச்சுத் திணறும். இரும்பு அளவுகோலை விளிம்போடு நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிரே பார்ப்பது எனக்குப் போதுமானதாக இருக்கிறது. பிறகு கார்புரேட்டர் உடலின் மீது முதலில் கேஸ்கெட், அதன்மேல் டயாப்ரம். இரண்டாம் முறை இதை மாற்றி வைத்து ஒரு முழுநாளை இழந்தேன்.

மேக்னட்டை ஏற்றும்போது அரைநிலா வடிவச் சாவி காடியிலிருந்து நகராதிருக்க ஒரு பொட்டுக் கிரீஸ் வைக்கிறேன். மின்சுற்றைத் திறந்து மூடித் தீப்பொறிக்கு வழிசெய்யும் பாயிண்டின் இடைவெளியை, இடுக்கு அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜால் 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் நிறுத்தியபின், மேக்னட்டைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றி மீண்டும் அளக்கிறேன். நட்டை இறுக்கும்போது அளவு மாறியிருந்தால் அப்போது தெரிந்துவிடும்.

சென்ற ஐப்பசி மழையில் வேரோடு சாய்ந்த இரண்டு மரங்களை, மூன்றாம் முறை பூட்டிய எஞ்சினோடு அறுத்து முடித்தேன். குளிர்ந்த எஞ்சின் நான்காம் இழுப்பில் பிடித்துக்கொண்டது. மீதமிருந்த இரண்டு சர்க்கிளிப்புகளை எண்ணெய் தடவிய காகிதத்தில் சுற்றி, பிளக் ஸ்பானரோடு அதே பெட்டியில் வைத்திருக்கிறேன்.