வீட்ல டுங்கெல் காய்ச்சுறது: சில குளிர்காலம் ஓடினப்புறம் ஒரு ரிவ்யூ

மியூனிக்ல உக்காந்துட்டு வீட்ல டுங்கெல் (இந்த ஊரோட கரும்பழுப்பு பீர்) காய்ச்சுறியா, கீழ இறங்கினா கடையில ஒரு யூரோ சொச்சத்துக்கு அரை லிட்டர் கிடைக்குமேன்னு கேக்காத ஆளே இல்ல. நியாயமான கேள்விதான், ஆயிங்கர், அகுஸ்டினர், ஆண்டெக்ஸ்னு நல்ல டுங்கெல் போடுறவங்க பூரா இந்தப் பக்கம்தான் இருக்காங்க. ஆனா பீர் கார்டன்ல போய் பாருங்க, மேஜைக்கு மேஜை மஞ்சளா ஹெல்லெஸ்ங்கற வெளிர் பீர்தான் நிக்கும். ஒரு காலத்துல மியூனிக் பீர்னாலே கரும்பழுப்புதான், 1894ல ஸ்பாட்டன் ப்ரூவரி வெளிர் லாகர (குளிர்ல மெதுவா புளிக்க வெச்சு எடுக்கற பீர்) இறக்கினப்புறம் கொஞ்சம் கொஞ்சமா டுங்கெல் ஓரத்துக்குப் போயிடுச்சு. எனக்குப் பிடிச்சது அந்த ஓரத்துல நிக்கிறதுதான். அதனால சில வருஷமா மால்ட் (முளைகட்டி காய வெச்ச பார்லி) வாங்கி, ஊற வெச்சு, வடிச்சு, காய்ச்சி, பில்டிங்குக்குக் கீழ இருக்கற நிலவறையில, அதான் கெல்லர்ல, புளிக்க வெச்சுட்டு இருக்கேன். ரெடிமேட் மால்ட் பாகு வர்ற எக்ஸ்ட்ராக்ட் டப்பா கதை இல்ல, முழு தானியத்துலேர்ந்து.

முதல்ல மால்ட். டுங்கெல் கருப்பா இருக்கறதால கருக வறுத்த மால்ட் நிறைய போடணும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அப்படிப் போட்டா வர்றது போர்ட்டர்ங்கற இங்கிலீஷ் கருப்பு பீர், டுங்கெல் இல்ல. இதோட உயிர் மியூனிக் மால்ட். 1833ல ஸ்பாட்டன் குடும்பத்து காப்ரியேல் ஸெட்ல்மையரும் வியன்னாக்காரர் ஆன்டன் ட்ரெஹரும் இங்கிலாந்து போய் அங்க மால்ட் எப்படி பக்குவமா காய வைக்கிறாங்கன்னு பாத்துட்டு வந்தாங்க, அதுக்கப்புறம்தான் புகை வாடை இல்லாத, சீரா சிவந்த மால்ட் இந்தப் பக்கம் வர ஆரம்பிச்சது. நான் 20 லிட்டருக்கு போடுற கணக்கு: மியூனிக் மால்ட் டைப் 2 (அதுல கொஞ்சம் கருத்த வகை) நாலு கிலோ, வெளிர் நிற பில்ஸ்னர் மால்ட் அரை கிலோவுக்குக் கொஞ்சம் மேல, நிறத்துக்காக மட்டும் தோல் நீக்கின காராஃபா ஸ்பெஷல்ங்கற கருக வறுத்த மால்ட் 60, 70 கிராம். அவ்வளவுதான். கேரமல் மால்ட் போட்டும் பாத்தேன், இனிப்பு நாக்குல ஒட்டிக்கிச்சு, ரெண்டாவது கிளாஸ் குடிக்கத் தோணல. எடுத்துட்டேன். ஹாப்ஸ் (கசப்பு குடுக்கற பூ) ஹாலர்டாவ் மிட்டெல்ஃப்ரூங்கற ரகம், கொதி ஆரம்பத்துலயே 45 கிராம் போட்டா கசப்பு 22, 23 ஐபியு (கசப்ப அளக்கற அலகு) வரும், கடைசில வாசனைக்குன்னு தனியா ஒண்ணும் போடறதில்ல.

தண்ணிய நான் தொடறதே இல்ல. மியூனிக் குழாய்த் தண்ணி நல்ல கடினத் தண்ணி, கெட்டில் அடியில வெள்ளையா உப்பு படியும். அதுல இருக்கற கார்பனேட்டுக்கும் கரு மால்ட்டோட லேசான அமிலத்துக்கும் சரியா போயிடும். இதே தண்ணில பில்ஸ்னர்ங்கற வெளிர் பீர் போட்டா கசப்பு நாக்க அறுக்கும். இந்த ஊர்ல டுங்கெல் வளர்ந்ததுக்கு தண்ணிதான் பெரிய காரணம், அதனால பெங்களூர்லயோ பெர்லின்லயோ இருக்கறவங்க என் கணக்க அப்படியே எடுத்துக்காம உங்க தண்ணி ரிப்போர்ட்ட ஒரு தடவ பாத்துக்கோங்க.

இப்ப டிகாக்ஷன். பழைய பவேரியா முறை, மேஷ்ல, அதாவது சுடுதண்ணில ஊற வெச்ச மால்ட்ல, மூணுல ஒரு பங்கு, கெட்டியா இருக்கறத மட்டும் அள்ளி தனிப் பாத்திரத்துல கொதிக்க வெச்சு திரும்ப கொட்டுறது. நான் 63 டிகிரில அரை மணி நேரம் வெச்சுட்டு கெட்டிய அள்ளுவேன், அத 72க்கு ஏத்தி பத்து பதினஞ்சு நிமிஷம் நிறுத்தி, அப்புறம் கொதி. கொதி வந்த நிமிஷத்துலேர்ந்து கரண்டிய கீழ வைக்க முடியாது, விட்டா அடிபிடிக்கும், அடிபிடிச்சா அந்தத் தீஞ்ச வாசனை பாட்டில் வரைக்கும் கூடவே வரும். முதல்ல கஞ்சி மாதிரி வெளுப்பா பொத் பொத்துன்னு தெறிக்கும், கையில பட்டா கொப்புளம்தான், ஒரு கால் மணி நேரம் போனா நிறம் செம்பழுப்பா மாறி, வெல்லப்பாகு காய்ச்சுற வீட்டு வாசனை கிச்சன் பூரா நிக்கும். அத திரும்ப பெரிய பானைல கொட்டுனா மொத்தமும் 72, 73க்கு வந்துடும். அயோடின் சொட்டு விட்டுப் பாருங்க, ஸ்டார்ச் மிச்சம் இருந்தா நீலமாகும், டைப் 2 மால்ட்ல என்ஸைம் கம்மி, ஸ்டார்ச் சர்க்கரையா மாற கொஞ்சம் நேரம் எடுக்கும், நீலம் போற வரைக்கும் அவசரப்படாதீங்க.

இது தேவையா? இப்ப வர்ற மால்ட் நல்லா பக்குவப்பட்டது, டிகாக்ஷன் இல்லாமலே எல்லாம் மாறிடும், அதுல சந்தேகமே இல்ல. பண்ணியும் பாத்தேன், பண்ணாமலும் பாத்தேன். அடுத்தடுத்து கிளாஸ்ல ஊத்திக் குடிச்சா டிகாக்ஷன் போட்டதுல ரொட்டி மேல்தோல் சுவை கொஞ்சம் ஆழமா இருக்கு, தனித்தனி நாள்ல குடிச்சா சத்தியமா கண்டுபிடிக்க மாட்டீங்க. ரெண்டு மூணு தடவ அள்ளிக் கொதிக்க வைக்கிற பழைய முறைய விட்டுட்டேன், நாள் பூரா போகுது. ஒரு தடவ மட்டும் பண்றேன், அதுவும் பாதி அந்த வாசனைக்காகத்தான்.

பானை விஷயத்துக்கு வர்றேன். இங்க ஜாம் பழம் பதப்படுத்த விக்கிற கரண்ட் பானை ஒண்ணு இருக்கு, 27, 29 லிட்டர் சைஸ், இந்த ஊர் ஹாபி ப்ரூவர்ல பாதிப் பேர் கைல இதான். விலைக்கு நல்ல சாமான், பம்ப், மொபைல் ஆப்னு வர்ற மெஷினுக்கு குடுக்கற காசுல இது நாலு வாங்கலாம். ஆனா என்கிட்ட இருக்கறதுல டிஸ்ப்ளே 65ன்னு காட்டும்போது உள்ள தெர்மாமீட்டர் 61 சொல்லும், அத நம்பி மேஷ் பண்ணவே கூடாது. அப்புறம் அடியில மாவு படிஞ்சு சூடு ஏறினா பாதுகாப்பு கட்-ஆஃப் விழுந்து நடுக் கொதில அணைஞ்சுடும், ஆறின வரைக்கும் பாத்துட்டு நிக்கணும். ஏத்தும்போது கிளறிக்கிட்டே இருந்தா இந்தத் தொல்லை இல்ல.

இதெல்லாம் ஒரு நாள் வேலை. டுங்கெல்ல தூக்கி நிறுத்துறதும் கவுக்கறதும் அதுக்கப்புறம் வர்ற குளிர்தான். 1553ல பவேரியாவுல ஒரு உத்தரவு போட்டாங்க, ஏப்ரல் 23லேர்ந்து செப்டம்பர் 29 வரைக்கும் பீர் காய்ச்சக் கூடாதுன்னு, வெயில் காலத்துல பீர் கெட்டுப் போனதால. எங்க பில்டிங் கெல்லர் இன்னிக்கும் அந்த உத்தரவுக்குக் கட்டுப்பட்டுதான் நடக்குது, நவம்பர் பாதிலேர்ந்து மார்ச் வரைக்கும் 9, 10 டிகிரி, மே வந்தா 16. முதல் குளிர்காலங்கள் பூரா கெல்லர நம்பித்தான் ஓட்டுனேன். கார்ல் வொன் லிண்டே 1870கள்ல ஸ்பாட்டன் ப்ரூவரிக்கு குளிர்பதன மெஷின் செஞ்சு குடுத்து அந்த காலண்டர உடைச்சாரு, நான் செகண்ட் ஹேண்ட் ஃப்ரிட்ஜும் ஒரு டெம்பரேச்சர் கன்ட்ரோலரும் வாங்கி உடைச்சேன். மொத்த செலவுலயே உருப்படியான செலவு அதான், டுங்கெல் காய்ச்சணும்னு இருக்கறவங்க பானைல காச கொட்டாதீங்க, ஃப்ரிட்ஜுக்கு வெச்சுக்கோங்க.

ஈஸ்ட் டபிள்யூ 34/70ங்கற லாகர் ரகம், உலர் பாக்கெட், 20 லிட்டருக்கு ரெண்டு. ஒண்ணு போதும்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, குளிர்ல வேலை பாக்குற ஈஸ்டுக்கு ஆள் பலம் வேணும். 10 டிகிரில ஊத்தி விட்டா முதல் ரெண்டு நாள் ஒண்ணும் நடக்காது, அப்புறம் மெதுவா நுரை ஏறும், கூடவே அழுகின முட்டை நாத்தம். பயப்படாதீங்க, லாகர் ஈஸ்ட்டோட குணம் அது, போயிடும். (கெல்லர்ல சைக்கிள் எடுக்க வந்த பக்கத்து வீட்டம்மா கழிவுநீர் குழாய் உடைஞ்சிடுச்சுன்னு பில்டிங்க பாத்துக்கற ஹவுஸ்மைஸ்டருக்கு போன் போட்டுட்டாங்க, ஒரு பாட்டில் குடுத்து சமாதானம் பண்ண வேண்டியதாப் போச்சு.)

கடைசில 16 டிகிரிக்கு ஏத்தி ரெண்டு மூணு நாள் விடுறேன், டையசெட்டில்ங்கற வெண்ணெய் வாசனைய ஈஸ்ட்டே தின்னு முடிக்கிறதுக்காக. முடிஞ்சுதான்னு பாக்க சுலபமான வழி இருக்கு: கொஞ்சம் பீர மூடின பாட்டில்ல 60 டிகிரி தண்ணில ஒரு இருபது நிமிஷம் வெச்சு ஆற விட்டு மோந்து பாருங்க, தியேட்டர் பாப்கார்ன் வாசனை வந்தா இன்னும் விடணும். இத ஒருத்தரும் பண்றதில்ல, எல்லாரும் காலண்டர பாத்தே பாட்டில் பண்றாங்க.

பாட்டில் பண்ணும்போது லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை, கேஸ் பிடிக்க ஒண்ணு ரெண்டு வாரம் ரூம் சூட்டுல, அப்புறம் 1, 2 டிகிரில ஆறு வாரமாவது. மூணாவது வாரம் திறந்தா குடிக்கலாம், ஆனா சுவை தனித்தனியா நிக்கும், மால்ட் ஒரு பக்கம் கசப்பு ஒரு பக்கம். ரெண்டு மாசம் ஆச்சுன்னா மண்டி அடியில கெட்டியா படிஞ்சு, வெளிச்சத்துல பிடிச்சா ஓரத்துல மாதுளை சிவப்பு தெரியும், வாய்ல மெத்துன்னு ஆரம்பிச்சு முடியும்போது இனிப்பு ஒட்டாம காஞ்சு போகும், அதான் வேணும். அஞ்சு மாசத்துக்கு மேல என் பாட்டில் தாங்கறதில்ல, அட்டைப்பெட்டி வாசனையும் உலர் திராட்சையும் எட்டிப் பாக்குது. கிளிப் பாட்டிலோட ரப்பர் வளையத்த வருஷத்துக்கு ஒரு தடவ மாத்தினா கேஸ் லீக் இல்ல.

சட்டம்: ஜெர்மனில சொந்த உபயோகத்துக்கு வருஷத்துக்கு 500 லிட்டர் வரைக்கும் பீர் வரி இல்ல, முன்ன 200ஆ இருந்தத 2024லேர்ந்து கூட்டினாங்க. விக்கக் கூடாது, விவரம் சுங்க அலுவலகத்துல கேட்டுக்கோங்க. தமிழ்நாட்டுல மதுவிலக்குச் சட்டப்படி வீட்ல காய்ச்சுறது குற்றம், அங்கேர்ந்து படிக்கிறவங்க படிக்கிறதோட நிறுத்திக்கோங்க.

காசு மிச்சமா? மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட்ட மட்டும் கணக்குப் போட்டா கடைய விட கம்மிதான், கரண்ட், ஃப்ரிட்ஜ், கழுவுற தண்ணி, ஒரு சனிக்கிழமை எல்லாம் சேத்தா கடைக்காரனே ஜெயிப்பான். மிஞ்சுற மால்ட் சக்கைய மாவோட பிசைஞ்சு ரொட்டி சுடலாம், ரெண்டு ரொட்டிக்கு மேல எங்க வீட்ல ஓடாது, மீதி பூரா பயோ குப்பைத் தொட்டிக்குத்தான்.